கொன்றவன் சொல்லிக்கொடுத்தபடி நாம் எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மாட்டுங்காவில் நம் இளைஞர்கள் தமிழில் போட்ட 'ஒத்தெல்லோ' நாடகத்துக்கு உங்கள் மும்பைப் பதிப்பில் விமர்சனம் வந்திருந்தது. நானும் அந்த நாடகத்தைப் பார்த்தவள். வேலைக்கும் போய்க்கொண்டு, லோக்கல் ரயிலில் வசனம் மனப்பாடம் செய்து, கைக்காசில் அரங்க வாடகை கட்டி ஷேக்ஸ்பியரை மேடையேற்றுகிற பிள்ளைகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஒத்தெல்லோவாக நடித்த தம்பியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் விமர்சகரும் இதையெல்லாம் மனம்விட்டுப் பாராட்டியிருந்தார். சந்தோஷம்.

ஆனால் கடைசிப் பத்தியில் அவர், அளவு மீறிய காதல் கொலையில் போய் முடியும், அதுதான் இந்த நாடகம் காட்டுகிற உண்மை என்ற பொருளில் எழுதியிருந்தார். காதலும் வன்முறையும் ஒரே ஊற்றில் பிறப்பவை என்றும், பெரிய துன்பியல் நாடகங்கள் எல்லாமே இதைத்தான் சொல்கின்றன என்றும் இருந்தது. இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நான் இலக்கியத்தில் பட்டம் வாங்கியவள் இல்லை. மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி தீக்காயப் பிரிவில் போனது. நாடகம் பார்ப்பதும் படிப்பதும் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர் அவர். சிலப்பதிகாரத்தில் பல காதைகளைப் புத்தகம் இல்லாமலே சொல்வார்.

அளவு மீறிய காதல் என்று விமர்சகர் எழுதினாரே, அது முதலில் யார் சொன்ன வார்த்தை என்று பாருங்கள். ஒத்தெல்லோ வெனிஸின் படைத்தலைவன். அவனுக்குக் கீழே வேலை செய்யும் இயாகோ, அவன் மனைவி டெஸ்டிமோனாவின் கைக்குட்டை இன்னொருவனிடம் இருப்பதைக் காட்டிப் பொய்ச் சந்தேகம் மூட்டினான். அதை நம்பி ஒத்தெல்லோ மனைவியைக் கொன்றுவிட்டான். உண்மை வெளியே வந்துவிட்டது. கைதியாக நிற்கிறான். வெனிஸிலிருந்து வந்திருக்கும் அதிகாரி லொடோவிக்கோவிடமும் மற்றவர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறான்: இங்கே நடந்ததைப் பற்றி ஊருக்குக் கடிதம் எழுதுவீர்கள் அல்லவா, அதில் என்னை உள்ளபடி எழுதுங்கள், புத்தியோடு காதலிக்கத் தெரியாவிட்டாலும் மிக அதிகமாகக் காதலித்தவன் என்று எழுதுங்கள். கொலை செய்தவனே அந்தக் கொலை எப்படிச் செய்தியாக வர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறான். அந்தப் பேச்சு முடியும்போதே தன்னைக் குத்திக்கொண்டு சாகிறான். அரங்கத்தில் எல்லோருக்கும் கண் கலங்குகிறது. எனக்கும் கலங்கியது. ஆனால் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து அவன் சொன்னபடியே எழுதிவிட்டால், ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகத்தை நாம் பார்க்கவே இல்லை என்று ஆகிவிடும்.

ஏனென்றால் அந்த மனிதர் வேறு சிலவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். நான்காம் அங்கத்தில் இதே லொடோவிக்கோவின் கண் முன்னால் ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவை அறைகிறான். அறை வாங்குகிற அளவுக்கு நான் எதுவும் செய்யவில்லையே என்று மட்டும் அவள் சொல்கிறாள். வெனிஸில் போய்ச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அதிகாரி திகைத்துப் போகிறார். அவளைச் சமாதானப்படுத்துங்கள், அழுகிறாள் பாருங்கள் என்கிறார். அவன் உள்ளே போன பிறகு, இவர் எப்போதுமே இப்படித்தானா என்று இயாகோவிடம் விசாரிக்கிறார். அப்புறம் என்ன நடக்கிறது? விருந்து நடக்கிறது. கை நீட்டியவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அடி வாங்கிய பெண்ணிடம் நன்றி சொல்லிவிட்டு அதிகாரி விடைபெறுகிறார். அந்த இரவே அவள் சாகிறாள்.

நம் மேடையில் இந்த அறை இல்லை. நேரம் கருதி வெட்டியிருப்பார்கள், புரிகிறது. ஆனால் அதை எடுத்துவிட்டால் கைக்குட்டை தொலைந்ததிலிருந்து கட்டில் வரைக்கும் அவனுடைய வேதனை மட்டும்தான் ஒரே கோடாக ஓடுகிறது. பார்ப்பவர்களுக்கு அது காதல் கதையாகத்தானே தெரியும்? எங்கள் வார்டில் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் கேஸ் பேப்பரில் எழுதப்படாததை எல்லாம் ராத்திரி டியூட்டியில் என்னிடம் சொல்வார்கள். 'போன தீபாவளிக்கு எல்லார் முன்னாடியும் அடிச்சார் சிஸ்டர். நாங்கதான் சமாதானம் பண்ணி, உக்காத்தி வெச்சு சோறு போட்டோம்.' ஏறக்குறைய இதே வார்த்தைகளைத் தமிழிலும் கேட்டிருக்கிறேன், மராத்தியிலும் கேட்டிருக்கிறேன், உத்தரப் பிரதேசத்து இந்தியிலும் கேட்டிருக்கிறேன். அறையும் விருந்தும் ஒரே அங்கத்தில் அடுத்தடுத்து வருவதைப் படித்தபோது, இதை எழுதியவர் அந்த அம்மாக்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

இன்னொரு இடம். இது மிக முக்கியமானது என்று நினைக்கிறேன். கொல்வது என்று முடிவெடுத்த பிறகு ஒத்தெல்லோ இயாகோவிடம் விஷம் கேட்கிறான். அதோடு ஒன்று சொல்கிறான்: அவளோடு பேசி வாதாடப் போவதில்லை, அவளுடைய உடலும் அழகும் என் மனதை மறுபடி மாற்றிவிடும். விஷம் வேண்டாம், அந்தக் கட்டிலிலேயே கழுத்தை நெரித்துவிடுங்கள் என்று இயாகோ சொல்ல, அதுதான் நியாயம், நல்லது என்று இவன் ஒப்புக்கொள்கிறான். கடைசியில் தூங்குகிறவளை முத்தமிடும்போது, இந்த மூச்சுக்காற்று நீதியின் வாளையே முறிக்கப் பார்க்கிறதே என்று தடுமாறுகிறான். இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். அவனிடம் மிச்சம் இருக்கிற காதல் கொலைக்குக் குறுக்கே நிற்கிறது. அது தன்னைத் தடுத்துவிடும் என்று அவனுக்கே தெரிகிறது. அதனால் அவளோடு பேச மறுக்கிறான். காதல் பெருகி வழிந்து கொலையில் முடியவில்லை. காதலைத் தாண்டிப் போய்த்தான் அவன் கொல்ல வேண்டியிருக்கிறது. விமர்சகர் எழுதியதற்கு நேர் எதிரானதை நாடகம் சொல்கிறது.

அப்படியானால் எது கொன்றது? அதையும் அவனே சொல்கிறான். ஊர் விரல் நீட்டிச் சிரிக்கிற பொம்மையாக என்னை நிறுத்திவிட்டாளே என்கிறான். நான் நேசிக்கும் பொருளில் ஒரு மூலையை இன்னொருவன் அனுபவிக்க விட்டு வாழ்வதைவிட, இருட்டறையில் தேரையாகக் கிடக்கலாம் என்கிறான். பொருள் என்கிறான், கவனியுங்கள். பிடிபட்ட பிறகு, வேண்டுமானால் மானமுள்ள கொலைகாரன் என்று சொல்லுங்கள், வெறுப்பால் எதையும் செய்யவில்லை, எல்லாம் மானத்துக்காக என்கிறான். மானம், ஊர்ச் சிரிப்பு, உடைமை. இந்த மூன்றையும் அடுக்கிச் சொன்னவன் கடைசியில் கடிதத்தில் எழுதச் சொல்லும்போது மட்டும் காதல் என்கிறான்.

அவன் மேல் எனக்கு இரக்கம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வெனிஸ்காரர்கள் போருக்கு அவனை வேண்டும் என்பார்கள். வீட்டு மாப்பிள்ளையாக வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். கறுப்பன், வேற்றூரான். இயாகோ அந்தப் புண்ணில்தான் விரலை வைத்துத் திருகுகிறான். நான் வளர்ந்த தாராவி சந்துகளில் இந்தப் புண் என்ன என்று எனக்குத் தெரியும். 1966க்குப் பிறகு சில வருடங்கள், தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று இந்த ஊரில் பெரிய கூச்சல் கிளம்பியது. கடைகள் அடிபட்டன. தெருவில் 'மதராசி' என்று கேலி பேசுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் நடந்து வந்த ஆண்கள் எங்கள் வரிசையில் நிறையப் பேர். அவர்களில் சிலர் வீட்டுக் கதவைச் சாத்தியதும் என்ன செய்தார்கள் என்பதையும் தகரச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறேன். வெளியே வாங்கிய அவமானம் உள்ளே இருக்கிறவள் மேல் விழுந்தது. அதே அவமானத்தைச் சுமந்துகொண்டு வந்து, கை கால் கழுவிவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆண்களும் அதே வரிசையில்தான் இருந்தார்கள். இரண்டு பேரும் பெண்டாட்டி மேல் பிரியம் உள்ளவர்கள்தான். அதனால்தான் சொல்கிறேன், அடியின் காரணத்தைப் பிரியத்தில் தேடாதீர்கள்.

நாடகத்தில் இன்னொரு சாவு இருக்கிறது. விமர்சனத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேடையிலும் அது அரைகுறையாகத்தான் இருந்தது. எமிலியாவின் சாவு. இயாகோவின் மனைவி, டெஸ்டிமோனாவின் தோழி. கைக்குட்டை எப்படிப் போனது என்ற உண்மையைச் சொல்ல அவள் வாய் திறக்கிறாள். வீட்டுக்குப் போ என்கிறான் இயாகோ. புருஷன் சொல்லுக்குப் பணிவதுதான் முறை, ஆனால் இப்போது முடியாது, ஒருவேளை நான் இனி வீட்டுக்கே போக மாட்டேன் என்கிறாள். எல்லோரும் பார்க்க அவன் அவளைக் குத்திவிட்டு ஓடுகிறான். ஒரே அறை, ஒரே இரவு. இரண்டு கணவர்கள் இரண்டு மனைவிகளைக் கொல்கிறார்கள். இயாகோ எமிலியாவைக் காதலித்ததாக உலகத்தில் எவரும் சொன்னதில்லை. காதலித்ததாகச் சொன்னவன் கையிலும் ஒருத்தி செத்தாள், காதலிக்காதவன் கையிலும் ஒருத்தி செத்தாள். ஷேக்ஸ்பியர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. 1565ல் இத்தாலியில் சிந்தியோ எழுதிய மூலக் கதையில் கொலை வேறு மாதிரி இருக்கிறது: மணல் நிரப்பிய காலுறையால் அடித்துக் கொன்றுவிட்டு, கூரை இடிந்து விழுந்ததாக ஜோடிக்கிறார்கள். விபத்து என்று கதை கட்டுவது அங்கே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் அந்தக் கூரையை எடுத்துவிட்டு, தன் உயிரைக் கொடுத்து உண்மையைச் சொல்கிற எமிலியாவை அங்கே நிறுத்தினார். நாம் அவளையே வெட்டிவிட்டால் மறுபடி கூரை இடிந்த கதைக்குத்தான் போகிறோம்.

இப்போது நான் எழுத நினைத்த கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். உயிர் போகிற நேரத்தில் டெஸ்டிமோனாவிடம் எமிலியா கேட்கிறாள், யார் செய்தது இதை? யாருமில்லை, நானேதான் என்கிறாள் டெஸ்டிமோனா. என் அன்பான கணவரிடம் என்னை நினைக்கச் சொல் என்று முடிக்கிறாள். அரங்கத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா உருகிப்போய், என்ன பாசம் பாருங்கள், சாகும்போதும் காட்டிக்கொடுக்கவில்லை என்றார். எனக்கு உடம்பெல்லாம் உதறியது.

தீக்காயப் பிரிவில் இந்த வசனத்தை நான் நிஜத்தில் கேட்டிருக்கிறேன். மருத்துவர் வந்து சுயநினைவோடு இருக்கிறாள் என்று எழுதிக் கொடுப்பார். நடுவர் (மாஜிஸ்திரேட்) வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மரண வாக்குமூலம் எடுப்பார். உறவினர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். 'எப்படிம்மா ஆச்சு?' 'ஸ்டவ் வெடிச்சிருச்சு.' 'யாராவது செஞ்சாங்களா?' 'இல்ல சார், நானேதான்.' பம்ப் ஸ்டவ் வெடித்தால் தீ பெரும்பாலும் முன்பக்கத்தில், கையில், வயிற்றில், தொடையில் பிடிக்கும். இவளுக்கு உச்சந்தலையிலிருந்து தோள் வழியாக இறங்கியிருக்கும். கூந்தலில் மண்ணெண்ணெய் வாடை போயிருக்காது. கட்டு மாற்றுகிற எங்கள் எல்லோருக்கும் தெரியும். பேப்பரில் அவள் சொன்னதுதான் ஏறும். நடுவர் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி சொன்னாள்: 'பிள்ளைங்களை அவங்கதானே சிஸ்டர் வளர்க்கணும்.' பாசமும் அதில் இருந்திருக்கலாம். பயமும் கணக்கும் வேறு வழி இல்லாத நிலையும் அதைவிட அதிகமாக இருந்தன. சில பெண்கள் உண்மையைச் சொன்னார்கள், தண்டனையும் கிடைத்தது. சொல்லாதவர்கள்தான் அதிகம்.

டெஸ்டிமோனா அப்படிச் சொன்ன உடனே ஒத்தெல்லோ என்ன பேசுகிறான் தெரியுமா? கேட்டாய் அல்லவா, நான் செய்யவில்லை என்று அவளே சொன்னாளே என்கிறான். அவளுடைய மரண வாக்குமூலத்தை முதலில் தன் பாதுகாப்புக்கு எடுத்து நீட்டுகிறான். பிறகுதான், பொய் சொல்லி நரகத்துக்குப் போகிறாள், கொன்றவன் நான்தான் என்று ஒப்புக்கொள்கிறான். அந்தச் சில வரிகளையும் மேடையில் விட்டுவிட்டார்கள். விட்டதால்தான் என் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு அது பாசமாக மட்டும் கேட்டது.

பத்திரிகைக்கு எழுதுவதால் பத்திரிகை பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊரிலேயே நடந்த நானாவதி வழக்கை உங்களுக்கு நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. 1959 ஏப்ரலில் கடற்படை அதிகாரி ஒருவர் தன் மனைவியோடு உறவு வைத்திருந்தவரைச் சுட்டுக் கொன்றார். 'பிளிட்ஸ்' வார இதழ் அவரை நாயகனாக்கி எழுதியது. ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். உயர்நீதிமன்றம் தண்டித்தது, 1961 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. விஷயத்தைக் கேள்விப்பட்ட பிறகு அவர் மனைவியையும் பிள்ளைகளையும் சினிமாவில் கொண்டுபோய் விட்டார், கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கினார், அதன் பிறகுதான் அந்த வீட்டுக்குப் போனார். இடையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். மனம் அடங்க அந்த நேரம் போதும், திடீர் ஆத்திரம் என்று இதைச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். மண்ணெண்ணெயும் அப்படித்தான். கேனைத் தேடி எடுக்க வேண்டும், மூடி திறக்க வேண்டும், ஊற்ற வேண்டும், தீப்பெட்டி எங்கே என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் நிறுத்திக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. 'ஆத்திரத்தில் கண் மறைத்துவிட்டது' என்று எழுதும் செய்தியாளர்கள் அந்தப் படிகளை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

பெரிய துன்பியல் கதைகள் எல்லாமே காதலையும் கொலையையும் ஒன்றாகத்தான் காட்டுகின்றன என்ற பேச்சுக்கு நம் வீட்டுச் சாட்சி ஒன்று சொல்கிறேன். சிலப்பதிகாரத்தில் கோவலன் ஒத்தெல்லோ நின்ற இடத்திலேயே நிற்கிறான். கடற்கரையில் மாதவி கானல்வரி பாடுகிறாள். வேறொருவன் மேல் மனம் வைத்துப் பாடுகிறாள் என்று இவன் நினைத்துவிடுகிறான். கைக்குட்டையாவது கண்ணால் பார்க்கிற பொருள், இது வெறும் பாட்டு. அப்படியும் கோவலன் எழுந்து போய்விடுகிறான், அவ்வளவுதான். அது கொடுமை, மாதவி உடைந்து போகிறாள். ஆனால் உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருப்பதால் கடிதம் எழுத முடிகிறது. முதல் கடிதத்தை அவன் வாங்கவே இல்லை. மதுரைக்குப் போகிற வழியில் கோசிகன் கொண்டுவந்த இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டு, அவள் மேல் குற்றம் இல்லை, 'என் தீது' என்று உணர்கிறான். அப்பா இந்த இடத்தைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். சந்தேகப்பட்டவன் தன் தப்பை உணர்வதற்கு, சந்தேகப்படப்பட்டவள் உயிரோடு இருக்க வேண்டும். ஒத்தெல்லோவும் தப்பை உணர்ந்தான், ஆனால் அதைக் கேட்க அவள் இல்லை.

அதே காப்பியத்தில் பாண்டியனைப் பாருங்கள். கூத்தாடிய பெண்கள் அரசன் மனதைக் கவர்ந்துவிட்டார்கள் என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழுந்து போகிறாள். அவளைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில், வாசலில் வந்து நின்ற பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல், 'கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு' என்று சொல்லிவிடுகிறான். மனைவி மேல் இருந்த ஆசையும் ஒரு கொலையும் இவ்வளவு பக்கத்தில் நிற்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது? அவனுக்கும் சாக்கு இருந்தது. ராணி மேல் வைத்த பாசத்தில் கண் மறைத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதும் அவன் சொன்னது 'யானோ அரசன், யானே கள்வன்' என்பதுதான். தென்னாட்டின் காவல் என்னால் பிழைத்தது, கெடுக என் ஆயுள் என்று விழுந்து சாகிறான். அதில் காதல் என்ற பேச்சே இல்லை. பழியைப் பகிர்ந்துகொள்ள யாரையும் அவன் கூப்பிடவில்லை. ஒத்தெல்லோ, பாண்டியன் இரண்டு பேரும் கொல்லக் காரணமானவர்கள், இரண்டு பேரும் உயிரை விட்டவர்கள், இரண்டு கடைசிப் பேச்சையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள் என்று உங்கள் விமர்சகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணகி மதுரையை எரித்தாளே, அது காதலில் பிறந்த வன்முறை இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்று அவள் நெருப்புக்குச் சொன்னாலும், எரிந்த உடம்புகளைத் தொட்டுப் பார்த்தவள் என்பதால் அந்தக் காதையை என்னால் நிம்மதியாகப் படிக்க முடிவதில்லை. ஆனால் அவள் கோபம் அநீதி செய்த அரசின் மேல் போனது. தன்னை விட்டுப் போன கோவலன் மேல் ஒரு சுடுசொல் இல்லை, மாதவி மேலும் இல்லை. கிமு 431ல் கிரேக்க நாடக ஆசிரியர் யூரிப்பிடிஸ் எழுதிய மெதேயா, தன்னைக் கைவிட்ட கணவனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொல்கிறாள். அவளும் எதிரிகள் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறாள். மறுபடி அந்தச் சிரிப்பு!

தாராவியில் எங்களுக்கு மாலை நேரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். தொல்காப்பியத்தில் இருவரும் ஒத்து நேசிக்கிற அன்பின் ஐந்திணை வேறு, பொருந்தாத காமத்தைச் சொல்லும் பெருந்திணை வேறு என்று அவர்தான் பிரித்துக் காட்டினார். பெருந்திணைக்கு உரியவை நான்கு. அதில் கடைசியாக வருவது 'மிக்க காமத்து மிடல்', ஆசை மிகுந்து வலுக்கட்டாயத்தில் இறங்குவது. ஆசை மிஞ்சினால் ஆள் முரடாகலாம் என்பது தொல்காப்பியருக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனால் அதை அன்பின் உச்சம் என்று அவர் வைக்கவில்லை. அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தார். காதல் கூடக் கூட அங்கேதான் போய்ச் சேரும் என்று நாம் எழுதுவது, அவர் போட்ட வேலியைப் பிடுங்கிப் போடுகிற வேலை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் 'காதல் வெறி', 'பாசத்தின் விபரீதம்', 'ஒருதலைக் காதலால்' என்றெல்லாம் தலைப்புப் போடுவதை நிறுத்துங்கள். பெண் மறுத்தாள், அவன் கொன்றான் என்று நடந்ததை எழுதினால் போதும். முன்பு அடித்திருக்கிறானா, புகார் கொடுத்தாளா, கொடுத்த இடத்தில் என்ன செய்தார்கள் என்று உங்கள் செய்தியாளர்கள் ஒரு கேள்வி கூடக் கேட்கட்டும். அந்தச் செய்தியின் கீழே பெண்கள் உதவி எண் 181ஐயும் அச்சிடுங்கள். பேப்பரை வரிக்கு வரி படிக்கிற பெண்கள் சயானிலும் தாராவியிலும் செம்பூரிலும் நிறைய இருக்கிறார்கள்.

நாடகக் குழுவினருக்கு: தம்பிகளே, தங்கைகளே, மறுபடி போடுங்கள், நான் முதல் வரிசையில் இருப்பேன். அவன் அவளை அறைகிற இடத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அதற்குப் பிறகு நடக்கிற விருந்தையும். எமிலியாவுக்கு அவள் வசனம் முழுவதையும் கொடுங்கள். கால் மணி நேரம் கூடுமானால் இடைவேளையைக் குறைத்துக்கொள்ளலாம். எமிலியாவாக நடிக்கிற தங்கைக்கு உதவும் என்றால் ஒத்திகைக்கு வந்து, பெயர்கள் எதுவும் இல்லாமல், அந்த வார்டில் நான் கேட்டவற்றைச் சொல்கிறேன். முகவரியை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் எந்த நாளும் எனக்குச் சரி.

கடிதத்தில் சொன்ன பெண்களின் குடும்பங்கள் இந்தப் பக்கத்திலேயே இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சயான் கோலிவாடா, மும்பை